இரு பரிமாண மீப்பாய்மச் சுழல்கள்: முதல் முறையாகக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

உராய்வே இல்லாமல் பாயும் மீப்பாய்மத்தில் (superfluid) சுழல்கள் ஒன்றையொன்று எப்படி நகர்த்துகின்றன என்று தேடினால் இரண்டு வகை எழுத்துகள்தான் கிடைக்கும். ஒன்று, வண்ணப் படங்களோடு இரண்டு பத்தியில் முடிந்துவிடும் அறிமுகம். இன்னொன்று, முதல் பக்கத்திலேயே பத்துச் சமன்பாடுகளை இறக்கி வைக்கும் ஆய்வுக் கட்டுரை. நடுவில் ஒன்றும் இல்லை. எந்த அலகு, எந்தக் குறி, எவ்வளவு சிறிய நேரப்படி, எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் பின்னிணைப்புகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைப் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இளங்கலை அளவுக்கு இயற்பியலும், கொஞ்சம் பைதானும் தெரிந்தால் போதும். முதல் ஆறு படிகளுக்கு எந்த மடிக்கணினியும் தாங்கும், மென்பொருள் எல்லாம் இலவசம். ஏழாம் படியில்தான் நேரமும் வட்டு இடமும் செலவாகத் தொடங்கும். ஆகவே தயவுசெய்து ஏழிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பலரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அழகான படம் வருகிறது, அது சரியா தவறா என்று சொல்ல மட்டும் அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை.

1. நிரலைத் தொடும் முன் மூன்று தாள்கள்

முதல் தாள் அலகுகளுக்கு. நீளம் எதில், நேரம் எதில் அளக்கிறீர்கள் என்பதும், அதை மைக்ரோமீட்டருக்கும் வினாடிக்கும் மாற்றும் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாம் தாள் குறிகளுக்கு. இடஞ்சுழியாகச் சுற்றுவது கூட்டல், வலஞ்சுழி கழித்தல் என்று எழுதி, பக்கத்தில் அம்புக்குறியோடு ஒரு படம் போடுங்கள். படத்தைக் காட்டும் நிரல் செங்குத்து அச்சைக் கீழ்நோக்கி வளர்க்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பட நூலகங்கள் பலவற்றில் அணியின் முதல் வரிசை மேலே வரும். அப்போது இடஞ்சுழி வலஞ்சுழியாகத் தெரியும். சரியான நிரலைத் தவறென்று நினைத்து நாள் முழுக்க நோண்ட வைப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு. சுழல்களின் எண்ணிக்கை, தொடக்க இடங்கள், சீரற்ற எண்களுக்கான விதை எண், நேரப்படி, பிழை எல்லை, நிரலின் பதிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். இதை நிரலே எழுதும்படி செய்யுங்கள். கையால் எழுதுவோம் என்றால் மூன்றாம் நாள் விட்டுப்போகும்.

2. நகரும் விதியைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தப் படி பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் கணக்கு வேலை.

மீப்பாய்மத்தை ஓர் அலைச்சார்பால் விவரிக்கிறோம். அதன் அலைக்கட்டம் இடத்துக்கு இடம் மாறுவதே பாய்வின் திசைவேகம். ஒரு சுழலைச் சுற்றி வந்தால் அலைக்கட்டம் 2 × பை அளவுக்குத்தான் மாற முடியும், அல்லது அதன் முழு எண் மடங்கு. அதனால் சுற்றோட்டம் (சுழலைச் சுற்றி ஒரு முழு வட்டம் வரும்போது வேகத்தைப் பாதை நெடுகக் கூட்டினால் வருவது) ஒரு குறிப்பிட்ட அளவில்தான் வரும்: பிளாங்க் மாறிலியைத் துகளின் நிறையால் வகுத்தது. பாதிச் சுழல், முக்கால் சுழல் என்று கிடையாது. ஒரு சுழலிலிருந்து தள்ளிப் போகப் போக அது உண்டாக்கும் வேகம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுற்றோட்டத்தை 2 × பை × தூரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

இப்போது இரண்டாவது சுழலைப் பக்கத்தில் வையுங்கள். ஆற்றில் விழுந்த தக்கையைப் போல, முதல் சுழல் உண்டாக்கும் பாய்வு அதைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டாவதன் பாய்வு முதலாவதைத் தூக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான் விதி. ஒரு சுழலின் வேகம் என்பது மற்ற எல்லாச் சுழல்களும் அந்த இடத்தில் உண்டாக்கும் பாய்வுகளின் கூட்டல்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, நியூட்டன் பழக்கம். இங்கே முடுக்கம் இல்லை. இடம் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும், தொடக்க வேகம் என்று தனியாக எதையும் கொடுக்க முடியாது. நிரலில் வேகத்துக்கு ஒரு தொடக்க மதிப்பு வைக்கத் தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சுழலின் கிடை, குத்து இடங்கள் இரண்டுமே ஒன்றுக்கொன்று இடமும் உந்தமும் போல நடந்துகொள்கின்றன. இந்தத் துறையின் விசித்திரங்கள் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

இரண்டாவது, ‘எதிர்க்குறிகள் ஈர்க்கும்’ என்ற வாக்கியம். ஆற்றலைப் பார்த்தால் அது உண்மை. எதிர்க்குறி ஜோடியின் ஆற்றல் தூரத்தின் மடக்கையாகக் கூடுகிறது, நெருங்கினால் குறைகிறது. ஆனால் உராய்வு இல்லாத மீப்பாய்மத்தில் அவை நெருங்குவதே இல்லை. ஜோடி, தன்னை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக, இடைவெளி மாறாமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். நெருங்கி அழிய வேண்டுமென்றால் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேறு ஏதாவது வேண்டும்: உராய்வு, ஒலி அலை, அல்லது மூன்றாவது சுழல்.

மூன்றாவது, எந்தக் குறியைப் பெருக்குவது என்பது. ஒரு சுழலின் வேகத்தைக் கணக்கிடும்போது மற்றவற்றின் குறிதான் வரும், அதன் சொந்தக் குறி வராது. ஆற்றலில் இரண்டின் குறிகளும் பெருக்கலாக வரும். இரண்டையும் குழப்பினால் எதிர்க்குறி ஜோடியின் ஒரு சுழல் மேலேயும் இன்னொன்று கீழேயும் போகும்.

3. அலகுகள்

ஹீலிங் நீளம் என்பது சுழலின் நடுவில் அடர்த்தி பூஜ்யத்திலிருந்து மீண்டு எழும் தூரம். அதை நீள அலகாகவும், சுருக்கிய பிளாங்க் மாறிலியை வேதி ஆற்றலால் (chemical potential: இன்னொரு துகளைச் சேர்க்க ஆகும் ஆற்றல்) வகுத்ததை நேர அலகாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சுற்றோட்டம் சரியாக 2 × பை ஆகிவிடும், ஒலியின் வேகம் 1 ஆகிவிடும், ஒரு சுழலிலிருந்து கிடைக்கும் வேகம் வெறும் 1 ÷ தூரம். இதைவிடச் சுத்தமான அலகு கிடைக்காது. கீழே நான் தரும் சோதனை எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று: ஹீலிங் நீளத்துக்கு இரண்டு வரையறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. நிறையையும் வேதி ஆற்றலையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் சுருக்கிய பிளாங்க் மாறிலியை வகுப்பது ஒன்று. வர்க்கமூலத்துக்குள் கூடுதலாக ஒரு 2 போடுவது மற்றொன்று. இரண்டுக்கும் 1.41 மடங்கு வித்தியாசம். மேலே சொன்ன சுத்தமான அலகு முதல் வரையறைக்குத்தான் பொருந்தும். ஒரு கட்டுரையின் எண்ணும் உங்கள் எண்ணும் 1.41 மடங்கு, அல்லது 2 மடங்கு முரண்பட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

உண்மை உலகின் எண்கள்: ஹீலியம்-4 இல் ஒரு சுழலின் சுற்றோட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 0.1 சதுர மில்லிமீட்டர், ரூபிடியம்-87 வாயுவில் ஏறத்தாழ 4590 சதுர மைக்ரோமீட்டர். லித்தியம்-6 போன்ற ஃபெர்மியான் வாயுவில் அணுக்கள் ஜோடி சேர்ந்துதான் மீப்பாய்மம் ஆகின்றன. ஆகவே அங்கே இரண்டு அணுக்களின் நிறையால் வகுக்க வேண்டும். மறந்தால் எல்லா வேகமும் இரு மடங்காக வரும்.

4. இரண்டு சுழல், பிறகு மூன்று

எத்தனை நூறு சுழல்களுக்கு நிரல் எழுதுவதாக இருந்தாலும் முதல் ஓட்டம் இரண்டுக்கு மட்டும். விடை காகிதத்திலேயே தெரிந்த கணக்கு இது.

எதிர்க்குறி ஜோடி: இடஞ்சுழியைக் கிடை அச்சில் −10 இலும், வலஞ்சுழியை +10 இலும் வையுங்கள். இடைவெளி 20, எனவே வேகம் 0.05. இரண்டும் சேர்ந்து மேல்நோக்கிப் போக வேண்டும், நேரம் 1000 ஆகும்போது இரண்டின் உயரமும் 50 ஆக இருக்க வேண்டும். கீழே போனால் குறித் தாளை எடுங்கள். திசையை நினைவில் வைக்கச் சுலபமான வழி, இரண்டுக்கும் நடுவில் பாய்வு எந்தப் பக்கமோ ஜோடியும் அந்தப் பக்கம்.

ஒரே குறி ஜோடி: அதே இடங்களில் இரண்டையும் இடஞ்சுழியாக வையுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி இடஞ்சுழியாக வட்டமடிக்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் பை × இடைவெளியின் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 1257. ரூபிடியம் வாயுவில் 10 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு இது 0.43 வினாடி. அதே இடைவெளியில் எதிர்க்குறி ஜோடியின் வேகம் வினாடிக்கு 73 மைக்ரோமீட்டர். இந்த அளவுகள் மனதில் இருந்தால், சோதனைக்கூடத்தில் ஒரு நிகழ்வைப் பார்க்க எவ்வளவு நேரம் வாயுவை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது உடனே புரியும்.

மூன்று சுழல்: பக்கம் 20 உள்ள சமபக்க முக்கோணத்தின் முனைகளில் மூன்று இடஞ்சுழிகள். முக்கோணம் வடிவம் மாறாமல் சுற்றும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 838. இந்த மூன்று சோதனைகளும் தேறும் வரை நான்காவது சுழலைச் சேர்க்காதீர்கள்.

நான்கிலிருந்து விளையாட்டே வேறு. சுவர் இல்லாத பரப்பில் மூன்று சுழல்கள் வரை இயக்கம் ஒழுங்கானது. நான்கானால் பொதுவாகக் கேயாஸ். தொடக்கத்தில் கடுகளவு வேறுபாடு இருந்தாலும் பாதைகள் கொஞ்ச நேரத்தில் பிரிந்துபோகும். எனவே, நேரப்படியைப் பாதியாக்கி ஓட்டினேன், பாதை மாறிவிட்டது, நிரல் தப்போ என்று கவலைப்பட வேண்டாம். பாதையை ஒப்பிடுவது அங்கே அர்த்தமற்றது. எதை ஒப்பிடுவது என்பதுதான் அடுத்த படி.

5. மாறாத அளவுகளும் நேரப்படியும்

சுவரில்லாத பரப்பில் மூன்று அளவுகள் மாறவே கூடாது. ஒன்று ஆற்றல்: ஒவ்வொரு ஜோடிக்கும் குறிகளின் பெருக்கலை இடைவெளியின் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, முன்னால் கழித்தல் குறி போடுங்கள். இரண்டு, குறியால் பெருக்கிய இடங்களின் கூட்டல், இது உந்தத்தின் வேலையைச் செய்கிறது. மூன்று, குறியால் பெருக்கிய தூர வர்க்கங்களின் கூட்டல், இது கோண உந்தம். மூன்றையும் ஒவ்வொரு நூறு படிக்கும் ஒரு கோப்பில் எழுதுங்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆற்றல் நகர்ந்தால் அந்த ஓட்டம் குப்பை. ஆற்றலின் தனி மதிப்புக்கு அர்த்தம் தேடாதீர்கள். அலகை மாற்றினாலே அது மாறும். மாற்றம் மட்டும்தான் கணக்கு.

நேரப்படியைத் தீர்மானிப்பது மிக நெருங்கிய ஜோடி. அதன் இடைவெளியின் வர்க்கத்தில் நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு முந்நூறு படிகளுக்கு மேல் கிடைக்கும், நேரத்தில் படிப்படியாக முன்னேறும் நான்காம் வரிசை (fourth-order) ரூங்கே–குட்டா முறைக்கு அது தாராளம். சிக்கல் என்னவென்றால் நெருக்கம் மாறிக்கொண்டே இருக்கும். 20 இடைவெளியில் இருந்த ஜோடி 2 க்கு வந்துவிட்டால் படி நூறு மடங்கு சிறிதாக வேண்டும். அதனால் படியைத் தானே மாற்றிக்கொள்ளும் முறையே நல்லது. பைதானின் சைபை (SciPy) நூலகத்தில் அது தயாராக இருக்கிறது. ஆனால் அதில் சார்புப் பிழை எல்லையின் (rtol) இயல்பு மதிப்பு 0.001. நம் வேலைக்கு இது மிகவும் தளர்வு, ஆற்றல் கண்ணுக்குத் தெரியவே ஒழுகும். நூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்கு இறுக்குங்கள். தனிப் பிழை எல்லையையும் (atol) கூடவே இறுக்க மறக்காதீர்கள்.

நேரச் செலவு சுழல்களின் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். 100 சுழலுக்கு 4950 ஜோடிகள், 1000 சுழலுக்கு 4,99,500 ஜோடிகள். பைதானில் இரட்டை மடக்காக எழுதாமல் நம்பை (NumPy) அணிகளாக எழுதினால் நூறு சுழலுக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை. இடைவெளி அணியின் மூலைவிட்டத்தில் பூஜ்யம் வரும், வகுக்கும் முன் அதை 1 ஆக்கிவிட்டு, விடையில் அந்த இடத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

6. சுவர், உராய்வு, அழிவு

எந்தச் சோதனைக்கூடத்திலும் முடிவில்லாத பரப்பு இல்லை. வட்ட வடிவக் கொள்கலன்தான் தொடங்க ஏற்றது. சுவரைக் கடந்து பாய்வு போகக்கூடாது, அதற்கு ஒவ்வொரு சுழலுக்கும் சுவருக்கு வெளியே எதிர்க்குறியோடு ஒரு பிம்பத்தை வைக்கிறோம். பிம்பத்தின் தூரம், ஆரத்தின் வர்க்கத்தைச் சுழலின் மையத் தூரத்தால் வகுத்தது.

இங்கே பலரும் சறுக்கும் இடம், முந்தைய படியில் சுழலின் சொந்தப் பங்கை விலக்கிய பழக்கத்தில் சொந்தப் பிம்பத்தையும் விலக்கிவிடுவது. சொந்தச் சுழலை விலக்க வேண்டும், சொந்தப் பிம்பத்தைச் சேர்க்க வேண்டும். சோதனை: ஆரம் 50, மையத்திலிருந்து 25 தூரத்தில் ஒரே ஒரு சுழல். அது தனியாகவே, தான் சுற்றும் பக்கமாக மையத்தைச் சுற்றி வரும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11,780. அசையாமல் நின்றால் பிம்பத்தை விட்டுவிட்டீர்கள். சரியாக மையத்தில் வைத்தால் பிம்பம் முடிவிலிக்குப் போய்ப் பூஜ்யத்தால் வகுக்க நேரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றலிலும் பிம்பங்கள் சேரும், ஆனால் சொந்தப் பிம்பத்தின் பங்கு பாதிதான். அதை முழுதாகச் சேர்த்தால் இயக்கம் சரியாக இருந்தும் ஆற்றல் மாறுவதாகக் காட்டும். வட்டத்தில் உந்தம் மாறாத அளவு அல்ல. ஆற்றலும் கோண உந்தமும் மட்டுமே மிஞ்சும், அதனால் இங்கே மூன்று சுழலிலேயே கேயாஸ் வந்துவிடும்.

எதிரெதிர் விளிம்புகளை ஒட்டவைத்த சதுரத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு நிபந்தனைகள்: இடஞ்சுழிகளும் வலஞ்சுழிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், பிம்பங்கள் முடிவில்லாமல் வரும். முதல் நிபந்தனையை மீறினால் கணக்குக்கே பொருளில்லை. தேவை வரும் வரை இந்தச் சதுரத்தையே தள்ளிப்போடலாம்.

உராய்வுக்கு வருவோம். வெப்பத்தால் மீப்பாய்மத்தோடு கலந்திருக்கும் சாதாரணப் பகுதி அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுழலின் திசைவேகத்தோடும் அதற்குச் செங்குத்தாக ஒரு சிறு பங்கைச் சேர்க்க வேண்டும். இடஞ்சுழி என்றால் போகும் திசைக்கு வலப்பக்கமாக, வலஞ்சுழி என்றால் இடப்பக்கமாக. சொந்தப் பிம்பத்தைப் போலவே இங்கேயும் சொந்தக் குறி உள்ளே வருகிறது. விளைவு: எதிர்க்குறி ஜோடி நெருங்கும், ஒரே குறி ஜோடி விலகும், வட்டத்தில் தனிச் சுழல் சுருளாகச் சுவரை நோக்கிப் போய் மறையும். அந்தப் பங்கு 0.01 என்றால், 20 இடைவெளியுள்ள எதிர்க்குறி ஜோடி அழிய ஆகும் நேரம் 10,000. பொதுவாக இடைவெளியின் வர்க்கத்தை, பங்கின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். இதுவும் நல்ல சோதனை.

இதுவரை செய்த கணக்கு ஒவ்வொரு சுழலையும் அளவில்லாத புள்ளியாகக் கொள்கிறது; இந்தப் புள்ளிச் சுழல் கணக்குக்கு அழிவு என்றால் என்னவென்று தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். எதிர்க்குறி ஜோடி ஒரு ஹீலிங் நீளத்துக்குள் வந்தால் இரண்டையும் நீக்கு, சுவரிலிருந்து ஒரு ஹீலிங் நீளத்துக்குள் வந்த சுழலை நீக்கு என்பது வழக்கமான விதி. அந்த எல்லையை நீங்கள் கையால் தேர்ந்தெடுத்ததால், அதை இரு மடங்காக்கியும் பாதியாக்கியும் ஓட்டிப் பாருங்கள். முடிவு அதோடு சேர்ந்து ஆடினால் அது இயற்பியல் முடிவு அல்ல. நீக்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் குதிக்கும், அந்த நேரத்தைக் கோப்பில் குறித்துவையுங்கள்.

7. முழுச் சமன்பாடு எப்போது, என்ன செலவில்

சுழல்கள் சில ஹீலிங் நீளத்துக்குள் நெருங்குகின்றன, ஒலி அலைகள் முக்கியம், அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது: இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால், அலைச்சார்பு முழுவதும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் கிராஸ்–பிட்டயெவ்ஸ்கி சமன்பாட்டுக்குப் போங்கள். இல்லையென்றால் வேண்டாம். குறிப்பாக, ஓரத்தை நோக்கி அடர்த்தி மெலிந்துகொண்டே போகும் பொறியில் (அணு வாயுவைப் பிடித்து வைக்கும் அமைப்பு) பிம்ப விதி சரியாக நிற்காது. அடர்த்தியின் சரிவே சுழலைத் தனியாக நகர்த்தும்.

செலவைக் கணக்குப் போடுவோம். கிரிட் (பரப்பின் மேல் போடும் புள்ளிக் கட்டம்) இடைவெளி ஹீலிங் நீளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 256 ஹீலிங் நீளப் பெட்டிக்கு 512-க்கு-512 கிரிட் வேண்டும். ஒரு அலைச்சார்பு ஏறத்தாழ 4 மெகாபைட், நினைவகத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆயிரம் சட்டகங்களை அப்படியே சேமித்தால் 4 ஜிகாபைட். 100 சுழல்களின் இடங்களையும் குறிகளையும் மட்டும் சேமித்தால் அதே ஆயிரம் சட்டகங்கள் இரண்டரை மெகாபைட்டுக்குள் அடங்கும். ஓடும்போதே சுழல்களைக் கண்டுபிடித்து எழுதிவிடுங்கள், முழு அலைச்சார்பை எப்போதாவது ஒருமுறை சேமித்தால் போதும்.

நேரம்: ஃபூரியே மாற்றத்தோடு படியைப் பிளந்து செய்யும் முறையில் நேரப்படி 0.02 என்று வைத்தால், 10,000 நேர அலகுக்கு ஐந்து லட்சம் படிகள். சாதாரண மடிக்கணினியில் ஒரு படிக்குச் சில பத்து மில்லிவினாடிகள் என்று கொண்டால் மொத்தம் பல மணி நேரம், இரவில் போட்டுவிட்டுத் தூங்கும் வேலை. கிரிட் இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்கு. நேரப்படியும் நான்கில் ஒரு பங்காக வேண்டும், இல்லையென்றால் கணக்கு நிலைகுலையும். ஆக 16 மடங்கு. ஒரே இரவு வேலை ஒரு வாரமாகிவிடும். கிராபிக்ஸ் அட்டை இருந்தால் இங்கேதான் அது தன் விலைக்கு வேலை செய்யும்.

சுழல்களைப் பதிப்பது எளிதாகத் தெரியும், ஆனால் அதிகம் நேரம் தின்பது அதுதான். ஒவ்வொரு சுழலைச் சுற்றியும் கோணத்தையே அலைக்கட்டமாகக் கொடுத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். அடர்த்திக்கு, தூரத்தை (1 + தூரத்தின் வர்க்கம்) என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்ததை அலைச்சார்பின் பருமனாகப் பெருக்குங்கள். பிறகு கற்பனை நேரத்தில் (சமன்பாட்டில் நேரத்தைக் கற்பனை எண்ணாக்கி) கொஞ்சம் ஓட்டி மையங்களைச் சரியாக அமர விடுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் நொடியிலேயே பெட்டி முழுக்க ஒலி அலை தெறிக்கும். அதிகமாக ஓட்டினாலும் ஆபத்துதான். கற்பனை நேரம் ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போவதால், நெருங்கிய எதிர்க்குறி ஜோடிகள் ஓட்டம் தொடங்கும் முன்பே காணாமல் போயிருக்கும். முன்னும் பின்னும் சுழல்களை எண்ணுங்கள்.

ஃபூரியே முறை பெட்டியின் விளிம்புகளை ஒட்டவைக்கிறது. வெறும் கோணங்களைக் கூட்டிய அலைக்கட்டம் விளிம்பில் ஒட்டாது, அங்கே ஒரு வெடிப்பு விழுந்து போலிச் சுழல்கள் பிறக்கும். புதியவருக்கு நான் சொல்வது: பெட்டிக்குள் வேதி ஆற்றலைவிடச் சில மடங்கு உயரமான வட்டச் சுவரை எழுப்பி, பிம்பங்களின் அலைக்கட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள். வெடிப்பு சுவருக்குள் புதைந்துவிடும். ஆறாம் படியின் எண்களோடு நேரடியாக ஒப்பிடவும் முடியும்.

சுழலைக் கண்டுபிடிக்க, கிரிட்டின் ஒவ்வொரு சிறு சதுரத்தையும் சுற்றி நான்கு அலைக்கட்ட வேறுபாடுகளை −பை முதல் +பை வரைக்குள் மடித்துக் கூட்டுங்கள். விடை 2 × பை என்றால் இடஞ்சுழி, −2 × பை என்றால் வலஞ்சுழி, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். அடர்த்தி இல்லாத ஓரங்களில் இது நூற்றுக்கணக்கில் பேய்ச் சுழல்களைக் காட்டும். அவற்றை விலக்க அடர்த்தி குறைந்த இடங்களைத் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உண்மையான சுழலின் மையத்திலும் அடர்த்தி பூஜ்யம்தான்! சுழலே இல்லாத நிலையின் அடர்த்தியை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அதை வைத்து விலக்குங்கள்.

இந்த ஓட்டத்தில் புள்ளிச் சுழலில் இல்லாத சிலவற்றைக் காண்பீர்கள். மிக நெருங்கிய எதிர்க்குறி ஜோடி சட்டென அழியாமல், மையத் துளைகள் இரண்டும் ஒன்றாகி, அடர்த்தி குறைந்த ஒரு பள்ளமாகத் தொடர்ந்து ஓடும். ஒரே குறி ஜோடி ஒலியைக் கசியவிட்டு மிக மெதுவாக விலகும். இரண்டும் பிழை அல்ல.

8. நூறு சுழல்கள்: எதை அளப்பது

குறியையும் நெருக்கத்தையும் வைத்து மூன்று வகையாகப் பிரியுங்கள்: ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கும் எதிர்க்குறி ஜோடிகள், ஒரே குறிக் கூட்டங்கள், தனியாகத் திரிபவை. ஒவ்வொன்றின் பங்கும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதே முதல் வரைபடம்.

எல்லையுள்ள பரப்பில் சுழல்கள் போகக்கூடிய இடம் குறைவு. அதனால் ஆற்றல் ஓர் அளவைத் தாண்டினால் ஒழுங்கு கூடி, ஒரே குறிச் சுழல்கள் பெரிய கூட்டங்களாகச் சேரும். எதிர்மறை வெப்பநிலை என்று கோட்பாட்டு அறிவியலாளர் லார்ஸ் ஆன்சாகர் 1949 இல் சொன்னது இதைத்தான். 2019 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, மோனாஷ் பல்கலைக்கழகக் குழுக்கள் ரூபிடியம் வாயுவில் இந்தக் கூட்டங்களைக் காட்டின. உங்கள் நிரலில் இதைப் பார்க்க, உராய்வைப் பூஜ்யமாக்கி அழிவு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் குறைந்த நெருங்கிய ஜோடிகள் அழிய அழிய, மிஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் ஏறும். ஒரே ஒரு ஓட்டத்தை நம்பாதீர்கள், விதை எண்ணை மாற்றிப் பல ஓட்டங்களின் சராசரியை எடுங்கள்.

உங்கள் கேள்வி சாதாரண வெப்பநிலை பற்றியது என்றால், அதாவது எந்த வெப்பத்தில் ஜோடிகள் பிரிந்து மீப்பாய்மத்தன்மை போகிறது என்பது என்றால், இந்த நிரல் அதற்கல்ல. பெரெசின்ஸ்கி, கோஸ்டர்லிட்ஸ், தௌலஸ் பெயரிலான அந்த நிலைமாற்றத்துக்கு, சீரற்ற எண்களால் நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் மான்டி கார்லோ முறை வேண்டும். மெல்லிய மீக்கடத்திகளுக்கும் இதை அப்படியே எடுத்துப்போகாதீர்கள். அங்கே மின்காந்தப் புலம் குறுக்கிடுவதால், ஒரு தூரத்துக்கு அப்பால் மடக்கை விதி பொருந்தாது.

9. சோதனைத் தரவோடு ஒப்பிடும் முன்

அணு வாயுவில் சுழலின் மையம் பெரும்பாலும் ஒளியின் பிரிதிறனைவிடச் சிறியது. அதனால் பொறியை அணைத்து வாயுவைச் சற்று விரிய விட்டுத்தான் படம் எடுப்பது வழக்கம். படம் எடுத்ததோடு அந்த மாதிரி தீர்ந்தது. ஒரு ஓட்டத்துக்கு ஒரு படம்தான், அடுத்த படம் புதிதாகத் தயாரித்த வாயுவிலிருந்து வரும். ஆகவே வெவ்வேறு நேரங்களின் படங்களை ஒரே சுழல்களின் பாதையாக இணைக்காதீர்கள். உங்கள் நிரலிலிருந்தும் பாதையை எடுக்காமல் சராசரிகளையே எடுத்து ஒப்பிடுங்கள்.

அடர்த்திப் படத்தில் சுழல் ஒரு துளையாகத் தெரியும், அதன் குறி தெரியாது. குறியை அறிய, லேசர் ஒளியால் வேகத்தைப் பொறுத்து அணுக்களைப் பிரித்தெடுக்கும் பிராக் சிதறல் போன்ற தனி ஏற்பாடு வேண்டும். சோதனைக் குழுவிடம் தரவைக் கேட்டு எழுதும்போதே குறி அளந்ததா, ஊகித்ததா என்று கேட்டுவிடுங்கள். ஊகித்தது என்றால், அவர்கள் ஊகிக்கப் பயன்படுத்திய விதியையும் கேட்டு வாங்கி, உங்கள் நிரலின் வெளியீட்டிலிருந்து குறிகளை நீக்கிவிட்டு, அதே விதியை அதன் மேல் ஓட்டுங்கள். எத்தனை குறி தப்பாக வருகிறது என்று எண்ணுங்கள், அந்த எண்ணிக்கையை வரைபடத்தில் பிழைக்கோடாகப் போடுங்கள்.